மீன் தொட்டிச் செடிகள்: கெடுவது பழைய இலையா, புது இலையா?

கேட்டவரின் மீன் தொட்டியில் அமேசான் ஸ்வார்ட், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் ஆகிய செடிகள் இருக்கின்றன. அடியில் வெறும் சரளைக்கல், ஊற்றுவது ஆர்ஓ தண்ணீர். இலைகள் மஞ்சளாகின்றன, ஓட்டை விழுகிறது, சில உருகியே போய்விட்டன. எந்த உரம் ஊற்றலாம் என்பது கேள்வி.

உரக்கடைக்குப் போகும் முன் தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கெட்ட இலை அடியில் இருக்கும் பழைய இலையா, குருத்திலிருந்து இப்போது விரிந்த இலையா? பாதிக் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, பொட்டாஷ் (பொட்டாசியம்), மெக்னீசியம் இவையெல்லாம் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவி குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைதான் முதலில் அடி வாங்கும். இரும்பும் கால்சியமும் அப்படி நகராது. அவை குறைந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்கும், புது இலை வெளிறியோ சுருண்டோ வரும்.

பழைய இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. மீன் குறைவாகவும் செடி அதிகமாகவும் உள்ள தொட்டியில் இது சகஜம். குண்டூசி முனை அளவு ஓட்டை விழுந்து, அதைச் சுற்றி மஞ்சள் வளையம் கட்டி, ஓட்டை மெல்லப் பெரிதானால் பொட்டாஷ் குறை. நீங்கள் சொல்லும் அறிகுறி இதோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது. நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால், அது பழைய இலை என்றால் மெக்னீசியம், புது இலை என்றால் இரும்பு.

உங்கள் விஷயத்தில் ஆர்ஓ தண்ணீரைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். குடிக்க நல்ல தண்ணீர்தான், ஆனால் கால்சியம், மெக்னீசியம், பொட்டாஷ் எல்லாவற்றையும் அந்த இயந்திரம் வடிகட்டிவிடுகிறது. மீன் கழிவில் இவை போதுமான அளவு கிடைக்காது. அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்து பாருங்கள், உப்புக் கரிக்காத போர் என்றால் மட்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிவிட்டுக் கலக்குங்கள். பொட்டாஷுக்கு உரக்கடையில் 0-0-50 என்று கேட்டால் பொட்டாசியம் சல்பேட் கொடுப்பார்கள். 100 லிட்டருக்கு இரண்டரை கிராம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் பொட்டாசியம் சேரும். அதைத் தனியே கரைத்து ஊற்றுங்கள், வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றிய பிறகு. மெக்னீசியக் குறை தெரிந்தால் அதே 100 லிட்டருக்கு 5 கிராம் எப்சம் சால்ட் (மெக்னீசியம் சல்பேட்) போதும்.

அமேசான் ஸ்வார்ட் வேரால் சாப்பிடும் செடி. வெறும் சரளையில் அது பட்டினி கிடக்கும். வேருக்குப் பக்கத்தில் வேருக்கான உர மாத்திரை (ரூட் டேப்லெட்) புதைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுசு வையுங்கள். இந்தச் செடிக்கு மேலே எவ்வளவு ஊற்றினாலும் வேரடியில் வைப்பதற்கு ஈடாகாது.

ஜாவா ஃபெர்னுக்கு நேர் எதிர். அதன் தண்டை சரளைக்குள் புதைத்தால் அழுகும். கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டுங்கள், அனுபியாஸ் என்ற செடிக்கும் இதேதான். இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது வித்துப் பை. பலர் நோய் என்று நினைத்து நல்ல இலையை நறுக்கிவிடுகிறார்கள்.

உருகிப் போனது கிரிப்டோகோரைன் என்றால் அது தனிக் கதை. கடைகளில் அதிகம் கிடைக்கும் வென்டிஐ வகை இலங்கை ஓடைகளுக்கே உரியது. இடம், தண்ணீர், வெளிச்சம் எது மாறினாலும் இலையெல்லாம் கூழாகி விழும். வேர் உயிரோடுதான் இருக்கும். கூழான இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள், பிடுங்கி வேறு இடத்தில் நடாதீர்கள். சில வாரங்களில் துளிர்க்கும். அப்புறம் இன்னொன்று: நர்சரிகளில் நிறைய செடிகளைத் தண்ணீருக்கு வெளியே ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். அந்த இலை தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்காது. புதிதாக வாங்கிய செடியில் பழைய இலை உதிர்ந்து, மெல்லிய புது இலை வந்தால் செடி பழகிவிட்டது என்றே கொள்ளலாம்.

விளக்கு ஒரு நாளைக்கு 7, 8 மணி நேரம் போதும். சத்து குறைவாக இருக்கும்போது வெளிச்சத்தைக் கூட்டினால் குறை வேகமாக வெளியே வரும், இலை மேல் பாசியும் படியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் தண்ணீரும் பொட்டாஷும், இரண்டு மூன்று வாரம் கழித்து மற்றவை. ஓட்டை விழுந்த இலை திரும்ப மூடாது, அதைப் பார்த்து உரம் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அடுத்து விரியும் இலைகள் கொஞ்சம் முதிரும் வரை பாருங்கள். அவை ஓட்டையில்லாமல் நின்றால் அதே அளவில் தொடருங்கள், அடியில் உள்ள பழையதை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிடலாம்.