ஒரு குண்டாவது குறைந்ததா?

அன்புள்ள ஐயா,

வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் பெண்கள் டவ் கெமிக்கல் கம்பெனியின் பொருட்களை வாங்காமல் விட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நெகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் ஒரு கேள்வி. அவர்கள் சமையலறை பிளாஸ்டிக் தாள் வாங்காததால் வியட்நாமில் ஒரு குண்டாவது குறைந்ததா? இல்லையென்றால் இதெல்லாம் மனச்சமாதானத்துக்குச் செய்வதுதானே?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

குறைந்ததாகச் சொல்ல முடியாது. அமெரிக்கப் படைக்கு டவ் செய்துகொடுத்தது நேபாம் என்கிற தீக்குண்டுக் கலவை. டவ்வின் மொத்த விற்பனையில் அதன் பங்கு அரை சதவீதம்கூட இல்லை. 1969-ல் அந்த ஒப்பந்தம் வேறொரு கம்பெனிக்குக் கைமாறியது, அவ்வளவுதான். 1972 ஜூன் 8 அன்று தென் வியட்நாமின் டிராங் பாங் சாலையில் அலறிக்கொண்டு ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமி கிம் ஃபுக்கின் முதுகைப் பொசுக்கியதும் நேபாம்தான்.

சரி, அப்படியானால் அந்தப் பெண்கள் எதைச் சாதித்தார்கள்?

அன்றைய நேபாம், பெட்ரோலும் பென்சீனும் பாலிஸ்டைரீனும் கலந்த கூழ். தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். டவ் பெரும்பாலும் மற்ற ஆலைகளுக்குச் சரக்கு விற்கிற கம்பெனி. வீட்டுப் பெண்ணுக்கும் அதற்கும் இருந்த நேரடி உறவு சரன் ராப்தான். மீந்த சாப்பாட்டை மூட, அட்டைப்பெட்டியின் ரம்பப் பல்லில் இழுத்துக் கிழிக்கிற மெல்லிய தாள். 1967 ஜனவரியில் ராம்பார்ட்ஸ் பத்திரிகை வியட்நாமில் தீக்காயம்பட்ட குழந்தைகளின் படங்களை வெளியிட்டது. மார்ட்டின் லூதர் கிங்கையே உலுக்கிய படங்கள் அவை. அவற்றைப் பார்த்தபின் அந்தப் பெட்டியிலிருந்து தாளை இழுக்க யாருக்குக் கை வரும்?

கல்லாவுக்கு நஷ்டம் சொற்பம். அடி விழுந்தது பெயரில். டவ் ஆள் எடுக்கப் போன கல்லூரிகளில் மாணவர்கள் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். 1967 அக்டோபர் 18-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தடியடி, கண்ணீர்ப்புகை வரை போனது. பேர் தெரியாமல் இருந்த ஒரு ரசாயனக் கம்பெனி, போகிற இடமெல்லாம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

என்னால் மறக்க முடியாதவர் லிசா கால்வலேஜ். ஜெர்மனியின் நியூரம்பர்கில் பிறந்தவர். அமெரிக்காவில் குடியேறிய பிறகு, ஹிட்லர் காலத்தில் நீ என்ன செய்தாய் என்று பலரும் அவரைக் கேட்டார்கள். சின்னப் பெண்ணாக இருந்தேன் என்றால், சரி, உன் அப்பா அம்மா என்ன செய்தார்கள் என்பார்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. 1966 மே மாதம் கலிஃபோர்னியாவில் இன்னும் மூன்று பெண்களோடு, நன்றாக உடுத்தி, கையுறை மாட்டிக்கொண்டு, நேபாம் குண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் போய் வழிமறித்து நின்றார். கைதானார். நாளை தன் பிள்ளைகளை யாராவது அப்படிக் கேட்டால், அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்க வேண்டும் என்று நினைத்தார். இதை மனச்சமாதானம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒன்றில் உங்களோடு ஒத்துப்போகிறேன். யாருக்கும் சொல்லாமல் வாங்காமல் இருந்தால் கம்பெனிக்கு அது தெரியவே தெரியாது. இவற்றை வாங்காதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற நூறு கம்பெனிகளின் பட்டியலிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை யாரும் சரிபார்ப்பதில்லை. டவ் விஷயத்தில் கம்பெனி ஒன்றுதான், குண்டுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு வெட்டவெளிச்சம், எதிர்த்தவர்களும் உரக்கச் சொன்னார்கள். அப்புறம், கடையில் பில் போடுகிற பிள்ளையிடம் நம் கோபத்தைக் காட்டக் கூடாது.

நீங்களும் எதையாவது நிறுத்துவதாக இருந்தால், ஏன் நிறுத்துகிறீர்கள் என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுங்கள். நகலை எனக்கும் அனுப்புங்கள்.