தனியார் தெரபிஸ்டிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போது என்ன கேட்பார்கள், எவ்வளவு ஆகும், வீட்டுக்குத் தெரியுமா?

தெரபிக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டீர்கள், போன் செய்யத்தான் தயக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கோவையில் ஒரு தனியார் மனநல ஆலோசனை மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். சிகிச்சை தருகிறவள் இல்லை. நீங்கள் போன் செய்தால் முதலில் எடுக்கும் ஆள். அந்த இடத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முழுக் கதையையும் போனிலேயே சொல்ல வேண்டியிருக்குமோ என்றுதான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். தேவையே இல்லை. "சரியாகத் தூக்கமில்லை, எப்போதும் பதட்டமாக இருக்கிறது, கவுன்சலிங் வேண்டும்" என்ற அளவு போதும். அதுவும் சொல்லப் பிடிக்கவில்லை என்றால், "நேரில் பேசிக்கொள்கிறேன்" என்றாலே நாங்கள் மேற்கொண்டு கேட்க மாட்டோம். பெயர், வயது, தனியாக வருகிறீர்களா கணவன் மனைவியாக வருகிறீர்களா, தமிழில் பேச வேண்டுமா, பெண் தெரபிஸ்ட்தான் வேண்டுமா, நேரிலா வீடியோவிலா, எந்த நேரம் தோதுப்படும் என்பவைதான் நாங்கள் கேட்பது. ஒரு கேள்வி மட்டும் கொஞ்சம் நேரடியாக வரலாம்: உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா? அதற்கு மட்டும் தயவுசெய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அடுத்த வாரம் நேரம் கொடுத்தால் போதுமா, இன்றைக்கே ஒரு டாக்டரைப் பார்க்க வைக்க வேண்டுமா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

வீட்டுக்குத் தெரியக் கூடாது என்றால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். "திரும்பக் கூப்பிட வேண்டாம், வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புங்கள்" என்று சொன்னால் அதைக் குறித்து வைத்துக்கொள்வோம். அப்பாயின்ட்மென்டுக்கு முந்தின நாள் நினைவூட்டல் மெசேஜ் வரும். அதில் கிளினிக் பெயர் இருக்கும். வேண்டாம் என்றால் நிறுத்தச் சொல்லலாம். ஜிபேயில் பணம் போட்டாலும் கணக்கில் பெயர் தெரியும். வீட்டில் ஒரே கணக்கைப் பலரும் பார்ப்பீர்கள் என்றால் ரொக்கமாகக் கொடுங்கள். இதையெல்லாம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், தினமும் யாராவது கேட்பதுதான்.

அம்மா அப்பா போன் செய்து 25 வயது மகனுக்கு நேரம் கேட்பதும் எங்கள் ஊரில் சாதாரணம். நேரம், பீஸ் பற்றிய விவரம் சொல்வோம். ஆனால் 18 வயது ஆனவர் என்றால் அவரே ஒருமுறை பேசி உறுதி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுவோம். அவருக்கே விருப்பம் இல்லாமல் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தால் அந்த ஒரு மணி நேரத்தில் பெரிதாக எதுவும் நடக்காது.

நீங்கள் எங்களைக் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. சொல்லப்போனால் அவைதான் முக்கியம். முதலில், பார்க்கப்போகிறவர் யார்? சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சுவழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைத் தாராளமாகக் கேளுங்கள். சில மாதச் சான்றிதழ் படிப்பு மட்டும் முடித்துவிட்டு தெரபிஸ்ட் என்று போர்டு வைத்திருப்பவர்களும் உண்டு. கேட்டால் கோபப்படுகிற இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

அடுத்தது பணம். கோவை, சென்னை மாதிரி ஊர்களில் ஒரு செஷனுக்கு 1,000 முதல் 2,500 ரூபாய் வரை பரவலாக வாங்குகிறார்கள், அனுபவம் கூடினால் அதற்கு மேலும் போகும். ஒரு செஷன் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வாரம் ஒருமுறை வரச் சொல்வார்கள். ஆக 1,500 ரூபாய் பீஸ் என்றால் மாதம் 6,000 ரூபாய். முதல் செஷனுக்கு மட்டும் காசு புரட்டிவிட்டு மூன்றாவது வாரம் நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். எத்தனை மாதம் தாங்கும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு, அதைத் தெரபிஸ்டிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பீஸைக் குறைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இதற்கே வழியில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, இலவசம். கூட்டம் இருக்கும், அவ்வளவுதான்.

இன்சூரன்ஸை நம்பிக் கிளம்ப வேண்டாம். உடல் நோய்க்கு இருப்பதுபோல மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் சாதாரண பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வாரா வாரம் வந்து போகும் செஷன் அதில் வராது. ஐடி கம்பெனியில் வேலை என்றால் எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள், சில கம்பெனிகள் குறிப்பிட்ட செஷன்களை இலவசமாகத் தருகின்றன.

கேன்சல் செய்வதற்கும் விதி இருக்கும். 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லாவிட்டால் முழு பீஸ் என்பது பல இடங்களில் வழக்கம். இது பலருக்கு அநியாயமாகத் தோன்றுகிறது. சாதாரண கிளினிக்கில் ஒருவர் வராவிட்டால் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள். இங்கே அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கென்றே ஒதுக்கியது, திடீரென்று வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. தாமதமாக வந்தாலும் உங்கள் நேரம் முடியும்போது செஷன் முடிந்துவிடும். மாலை 6 மணிக்கு மேலும் சனிக்கிழமையும்தான் முதலில் நிரம்பும். பகல் 11 மணிக்கு வர முடிந்தால் சீக்கிரமே இடம் கிடைக்கும்.

முதல் செஷனில் ஒரு ஃபார்ம் தருவார்கள். அதில் அவசரத்துக்கு அழைக்க ஒருவர் எண் கேட்பார்கள். அம்மா அப்பாதான் என்றில்லை, நம்பிக்கையான நண்பர் எண்ணும் கொடுக்கலாம். அப்புறம் உங்கள் குடும்பம், வேலை, தூக்கம், சாப்பாடு, ஏற்கெனவே எடுக்கும் மாத்திரை என்று நிறையக் கேள்விகள் வரும். அன்றைக்கே மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும்; சிலருக்கு அழுது முடித்த களைப்புதான் மிஞ்சும். தைராய்டு டெஸ்ட் எடுத்து வரச் சொன்னாலும் ஆச்சரியப்பட வேண்டாம், அதில் கோளாறு இருந்தாலும் மனச்சோர்வு, பதட்டம் மாதிரியே தெரியும்.

நீங்கள் உள்ளே பேசுவது வெளியே போகுமா என்பதற்கு வருகிறேன். அதே 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது சிகிச்சை தருகிறவரின் கடமை. அப்பா போன் செய்து "என் பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டால், 18 வயது ஆன பெண் என்றால் அவர் வந்தாரா என்பதைக்கூட நாங்கள் சொல்ல மாட்டோம். விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், கோர்ட் உத்தரவு வந்தாலும் சொல்லலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரியவந்தால், 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இவற்றை முதல் செஷனிலேயே தெரபிஸ்ட் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் கேளுங்கள்.

இரண்டு மூன்று செஷனுக்குப் பிறகும் அவரோடு ஒட்டவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். நேரில் சொல்லச் சங்கடமாக இருந்தால் "வேறொருவரைப் பார்க்க விரும்புகிறேன், யாரையாவது பரிந்துரைக்க முடியுமா" என்று ரிசப்ஷனுக்கு ஒரு மெசேஜ் போட்டால் போதும். வாரத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு இப்படி வரும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகி, அதற்குள் தாங்க முடியாமல் போனால் 14416-க்கு அழையுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி போன் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.