சாவியும் டிசைனரிடம், பணமும் டிசைனரிடம்

கேள்வி: விடுமுறையில் தங்குவதற்காக, நான் வசிக்கும் ஊரிலிருந்து வெகுதொலைவில் ஒரு வீடு வாங்கினேன். அடிக்கடி போக முடியாததால், உள் அலங்கார வேலை முழுவதையும் அங்குள்ள இன்டீரியர் டிசைனர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். வீடியோ அழைப்பிலும் வாட்ஸ்அப்பிலும்தான் எல்லாம் பேசி முடித்தோம். எழுத்தில் இருப்பது இரண்டு பக்கக் கோட்டேஷன் மட்டும். முக்கால் பங்கு பணம் கொடுத்தாகிவிட்டது. போன மாதம் அவர் வீட்டைத் திறந்துகாட்டியபோது, தேக்கு என்று சொன்ன கட்டிலும் அலமாரிகளும் பிளைவுட்டின்மேல் வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டியவை எனத் தெரிந்தது. சாப்பாட்டு மேசையைப் போட்டால் பால்கனிக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. அந்த அறையை அளந்து அனுப்பியது என் தம்பி. மேசை இழுப்பறையில் ஒரு கடைச் சீட்டு கிடந்தது. டிசைனருக்குக் கடை கொடுத்த கமிஷன் அதில் எழுதியிருக்கிறது. மீதிப் பணம் வந்தால்தான் சாவி தருவேன் என்கிறார். வழக்கு என்றால் தன் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று கோட்டேஷனின் அடியில் ஒரு வரி உண்டு. நாங்கள் போகாத நாட்களில் வீட்டை விருந்தினருக்கு வாடகைக்கு விடும் எண்ணமும் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கோபம் தேக்கின்மீது இருக்கிறது. என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கமிஷன் சீட்டு. ஏனென்றால், நீங்கள் கேட்டிருக்கும் பாதிக் கேள்விகளுக்கான விடை, இந்த டிசைனர் சட்டத்தின் பார்வையில் உங்களுக்கு யார் என்பதைப் பொறுத்தது. உங்கள் பணத்தில் உங்களுக்காகப் பொருள் வாங்கித் தந்த முகவரா, தன் பொருளை உங்களுக்கு விற்ற வியாபாரியா?

கோட்டேஷனை எடுத்துப் பாருங்கள். பொருள்களின் விலை தனியாகவும், அதன்மேல் இத்தனை சதவீதம் சேவைக் கட்டணம் என்றும் இருந்தால், கடை ரசீதுகளும் உங்கள் பெயரிலேயே இருந்தால், அவரை முகவர் என்று வாதிட நல்ல இடம் உண்டு. அப்படியானால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 213-வது பிரிவின்படி, நீங்கள் கேட்டால் அவர் கணக்குக் காட்டியாக வேண்டும். உங்களுக்குத் தெரியாமல், உங்கள் வேலையைத் தன் சொந்த வியாபாரமாக நடத்தி அடைந்த ஆதாயத்தைக் கேட்டுப் பெற 216-வது பிரிவு வழி செய்கிறது. மாறாக, ‘கட்டில் ஒன்று, இன்ன விலை’ என்று அவர் பெயரிலேயே வரியுடன் பில் போட்டிருந்தால், அவர் வியாபாரி. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் அவர் என்ன சம்பாதித்தார் என்று கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. கசப்பாக இருந்தாலும் நிலைமை அதுதான்.

முகவர் என்பதுதான் நமக்கு லாபம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அதே சட்டத்தின் 221-வது பிரிவு, தனக்குச் சேர வேண்டிய கட்டணமும் செலவும் தீரும்வரை, தன் கைக்கு வந்த உங்கள் சொத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமையை முகவருக்குத் தருகிறது. அசையாச் சொத்தும் அதில் அடங்கும். ‘நீ என் முகவர்’ என்று நோட்டீசில் எழுதினால், ‘அப்படியானால் சாவியை வைத்திருக்க எனக்கு உரிமை உண்டு’ என்று பதில் வரும். கெட்டிக்கார வக்கீல் கட்டாயம் எழுதுவார். நானாக இருந்தாலும் எழுதுவேன். அதற்கு மறுமொழியும் உண்டு. வேலையின் எந்தப் பகுதியில் முகவர் முறைகேடாக நடந்தாரோ அந்தப் பகுதிக்கு அவருக்கு ஊதியம் கிடையாது என்கிறது 220-வது பிரிவு. சேர வேண்டிய தொகை இருந்தால்தானே பிடித்துவைக்கும் பேச்சு? ஆனால் இது வழக்கு நடந்து முடியும்போது கிடைக்கும் விடை. உங்களுக்குச் சாவி இப்போதே வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. மீதித் தொகையில் தகராறே இல்லாத பகுதியைப் பிரித்தெடுங்கள். திரைச்சீலை, விளக்கு, பெயின்ட் வேலை ஆகியவை சரியாக இருந்தால் அவற்றுக்கான பாக்கியை வங்கி மூலம் அனுப்பிவிடுங்கள். கூடவே, ‘மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இதைச் செலுத்துகிறேன், இத்தனை நாளில் சாவியும் கணக்கும் வர வேண்டும்’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்குப் பிறகும் அவர் பிடிவாதமாக இருந்தால், எந்த நீதிபதி முன்னும் அவர் தரப்பு பலவீனமாகிவிடும். ஆள் அனுப்பிப் பூட்டை உடைக்கும் யோசனை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளே அவருடைய கருவிகளோ பணம் தராத பொருள்களோ இருந்தால், நாளைக்குத் திருட்டுப் புகாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரிடும்.

இனி தேக்கு. அவர் வியாபாரி என்றால் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 15-வது பிரிவு உங்கள் பக்கம்: விவரித்துச் சொல்லி விற்ற பொருள், அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும். முகவர் என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 212-வது பிரிவு, திறமைக் குறைவாலும் அலட்சியத்தாலும் நேர்ந்த நஷ்டத்துக்கு அவரைப் பொறுப்பாக்குகிறது. எந்த வழியில் போனாலும் இந்தப் பகுதி உறுதியானது. வீடியோவில் பார்த்து ‘சரி’ என்றீர்களே என்று அவர் சொல்வார். சொல்லட்டும். திரையில் பார்த்து வெனீரையும் தேக்கையும் யாரால் பிரித்தறிய முடியும்? சோதனை இல்லாமல் கண்டுபிடிக்க முடியாத குறை என்றால், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. (திரையில் பார்த்த நிறம் நேரில் வேறாக இருக்கிறது என்ற புகாராக இருந்தால், வழக்கே வேண்டாம் என்றிருப்பேன்.)

ஆனால் காலதாமதம் உங்களைக் கவிழ்த்துவிடும். பொருளை வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-வது பிரிவு கருதும். போன மாதம் பார்த்திருக்கிறீர்கள். இந்த வாரமே எழுத்தில் நிராகரியுங்கள். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பித் தர வேண்டியதில்லை. நிராகரித்ததைத் தெரிவித்தாலே போதும் என்று 43-வது பிரிவு சொல்கிறது. நிராகரித்த கட்டிலில் அடுத்த விடுமுறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவும் கூடாது.

மேசை விஷயத்தில் உங்கள் பிடி தளர்வானது. அளந்தது உங்கள் தம்பி. உள்ளூரிலேயே இருந்துகொண்டு தானே போய் அளந்து பார்க்காதது டிசைனரின் குறை என்று சொல்லலாம்தான். மனுவில் கடைசிப் பத்தியாக எழுதலாம். இதை முன்னால் வைத்தால் தேக்கின் வலுவும் குறைந்துபோகும்.

எங்கே வழக்குப் போடுவது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 34-வது பிரிவின்படி, நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு வர வேண்டும். விசாரணையைக் காணொளி வழியே நடத்தும்படி கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. கோட்டேஷனின் அடிவரியை எதிர்த்தரப்பு கட்டாயம் எழுப்பும். அதற்குப் பயந்து நான் ஊர் மாற மாட்டேன். சிவில் நீதிமன்றம் போனால் கதை வேறு. அங்கே அந்த வரி பெரும்பாலும் செல்லும், நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

வாடகை எண்ணம்தான் இதில் இடறும் கல். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் எது வணிக நோக்கம் என்பதை அந்தப் பரிவர்த்தனையின் பிரதான நோக்கத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்று லீலாவதி கீர்த்திலால் மேத்தா மருத்துவ அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. செவிலியர் தங்குவதற்காக மருத்துவமனை அறக்கட்டளை வாங்கிய குடியிருப்புகள் அந்த வழக்கில் வணிகமாகக் கருதப்படவில்லை. குடும்பம் தங்க வாங்கிய வீடு, காலியாக இருக்கும் சில நாட்கள் மட்டும் வாடகைக்கு என்றால் உங்கள் நிலை நன்றாகவே இருக்கிறது. மறைக்காதீர்கள், மனுவிலேயே நேராக எழுதிவிடுங்கள். டிசைனருக்கு அனுப்பிய செய்திகளில் ‘விருந்தினருக்குப் பிடிக்கும்படி’ என்று ஒரு வரி இருந்தால் அது எப்படியும் வெளியே வரும்.

செய்திகள் என்றதும் நினைவுக்கு வருகிறது. வாட்ஸ்அப் உரையாடலை அந்தப் போனிலேயே அழிக்காமல் வைத்திருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் (சாட்சியச் சட்டத்தின்) 63-வது பிரிவு, மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதியில் நீங்களும் மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். வீடியோ அழைப்பில் பேசியதற்குப் பதிவு இருக்காது. எனவே ‘தேக்கு என்று இன்ன தேதியில் சொன்னீர்கள்’ என்று இப்போதே ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் மறுத்தால் மறுப்பாவது எழுத்தில் கிடைக்கும்.

வேலையை முடிக்க வேறு டிசைனரை வைப்பதாக இருந்தால், அவர் ஓர் ஆணியைக்கூடத் தொடுவதற்கு முன் வீட்டின் இன்றைய நிலையைப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு அறிக்கையாகவும் படமாகவும் பதிந்துவிடுங்கள். முதல் டிசைனரின் வரைபடங்களை அப்படியே எடுத்து இரண்டாமவரிடம் கொடுத்துவிடாதீர்கள். எழுத்து மூலம் உங்களுக்கு மாற்றித் தந்தால் ஒழிய, அவற்றின் பதிப்புரிமை வரைந்தவருடையதே.