ஃபீஸில் 15 சதவீதம் தள்ளுபடி என்கிறது பள்ளி, கட்டலாமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். மகள் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, மகன் அதே பள்ளியில் நான்காம் வகுப்பு. மூன்று மாதமாக ஆசிரியர்களுக்குச் சம்பளம் வரவில்லை என்று பேச்சு. நான்கு வேனில் ஒன்று ஓடுவதில்லை. பொங்கல் லீவு முடிந்ததும் ஒரு சர்க்குலர் வந்தது. அடுத்த ஆண்டு ஃபீஸ் முழுவதையும் பிப்ரவரிக்குள் கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடியாம். மகளுக்கு ஃபீஸ் 48,000 ரூபாய். இந்த வருடத்திலேயே இன்னும் 6,000 பாக்கி வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் டிசி வாங்கப் போகிறோம் என்கிறார்கள். பிள்ளைகளை இப்போதே மாற்றிவிடலாமா? தள்ளுபடியை விடவும் மனசு வரவில்லை.

பதில்: மனசு வராத அந்தத் தள்ளுபடியிலிருந்தே தொடங்குவோம். தனியார் பள்ளிகளுக்குப் பல வருடம் தணிக்கை பார்த்தவன் என்பதால் கண் முதலில் அங்கேதான் போகிறது.

48,000க்கு 15 சதவீதம் 7,200. நீங்கள் இப்போது கட்டப்போவது 40,800. வழக்கம்போல ஜூன், அக்டோபர், ஜனவரி என்று மூன்று டேர்மாகக் கட்டினால் அந்தப் பணம் சராசரியாக ஏழரை மாதத்துக்கும் சற்று மேலே கழித்துத்தான் உங்கள் கையைவிட்டுப் போகும். அவ்வளவு முன்னதாக வாங்குவதற்காக 40,800க்கு 7,200 விட்டுக்கொடுக்கிறார்கள். வட்டியாகப் போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் 30 காசு. நம் ஊர் பேச்சில் ‘ரெண்டு வட்டி’க்கும் மேல். வங்கியில் இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும் பள்ளி இப்படி ஒரு சர்க்குலர் போடாது. வங்கி கைவிரித்த பிறகு பெற்றோரிடம் வருகிறார்கள். நீங்கள் கட்டப்போவதற்குப் பெயர்தான் ஃபீஸ். கொடுப்பது கடன், அதுவும் புரோநோட்டு இல்லாத கடன்.

ஆகவே கட்டாதீர்கள். இந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மற்றதெல்லாம் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. தள்ளாடும் பள்ளி எல்லாம் விழுந்துவிடுவதில்லை. பள்ளிக்கு வருமானம் மூன்று தவணையில் வரும், செலவு பன்னிரண்டு மாதமும் இருக்கும். மார்ச் முதல் மே வரை நல்ல பள்ளிக்கே கை வறண்டுதான் இருக்கும். போதாக்குறைக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அரசு தர வேண்டிய தொகை வருடக்கணக்கில் இழுபடுகிறது. 2024-25இல் அந்தத் தொகைக்கும் சேர்த்து வரும் மத்திய அரசின் சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்வி) நிதி தமிழ்நாட்டுக்கு நின்றுபோனதும், 2025-26க்கான அந்தச் சேர்க்கையே அக்டோபரில்தான் தொடங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய பள்ளிகள் சமாளித்துக்கொண்டன. முந்நூறு நானூறு பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளிகளுக்கு அது விழுந்த அடி. போதும் போதாததற்கு ஊரில் குழந்தைகளே குறைந்துவிட்டார்கள், எல்கேஜி வகுப்பை எட்டிப்பார்த்தால் தெரியும்.

நான் கணக்குப் பார்த்த ஒரு பள்ளியில், மார்ச் சம்பளம் போடத் தாளாளர் அம்மா தன் வளையல்களை அடகு வைத்தார். ரசீதைக் கணக்குப் புத்தகத்திலேயே பின் அடித்து வைத்திருந்தார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. இன்னொரு பள்ளியில் வாசல் வளைவுக்குப் புது பெயின்ட், வகுப்புக்கு வகுப்பு ஸ்மார்ட் போர்டு. பிஎஃப் மட்டும் ஏழு மாதமாகக் கட்டவில்லை. அடுத்த ஜூனில் அது திறக்கவே இல்லை. வாசலைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

எதைப் பார்ப்பது என்றால், நீங்கள் வீட்டிலிருந்தே, யாரையும் கேட்காமல் பார்க்கக்கூடிய மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று, நான் சொன்ன பிஎஃப். பிஎஃபை நடத்தும் இபிஎஃப்ஓ அமைப்பின் இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பக்கம் இருக்கிறது, பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். பள்ளியின் பெயரைப் போடுங்கள். வரவில்லை என்றால் அதை நடத்தும் அறக்கட்டளையின் பெயரைப் போடுங்கள், பல பள்ளிகள் அந்தப் பெயரில்தான் பதிவாகியிருக்கும். எந்த மாதத்துக்கு, எத்தனை ஊழியர்களுக்கு, எவ்வளவு பணம், எந்தத் தேதியில் கட்டினார்கள் என்று வரிசையாக வரும். ஒரு மாதத்துப் பிஎஃபை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பத்து நாள் இருபது நாள் தாமதம் சகஜம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். செப்டம்பரோடு பட்டியல் நின்றுபோயிருந்தால் சம்பளப் பேச்சு வதந்தி இல்லை. ஊழியர் எண்ணிக்கையையும் கவனியுங்கள். போன ஜூனில் 38 பேர், இப்போது 24 பேர் என்றால் ஆசிரியர்கள் ஏற்கெனவே கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு, வேன். ஓடாமல் நிற்கும் வேனை விடுங்கள், உங்கள் மகன் ஏறும் வேனின் நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எஃப்சி (வண்டி ஓடத் தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்று காட்டிவிடும். பணமில்லாத பள்ளி இன்சூரன்ஸைத் தள்ளிப்போடும். அப்படி இருந்தால் அது பள்ளியின் பணக்கஷ்டம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த நாளிலிருந்து பையனை நீங்களே கொண்டுபோய் விடுங்கள், மாற்றுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

மூன்று, நிலம். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் பார்க்கலாம். வங்கியில் பத்திரம் வைத்திருப்பது தெரிந்தால் பதற வேண்டாம், கடன் இல்லாத பள்ளிக்கூடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் வங்கி சுவாதீன அறிவிப்பு கொடுத்துவிட்டதா என்பது வேறு விஷயம். வங்கிகள் வாராக்கடனை வசூலிக்க இருக்கும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு கொடுத்து, அதன் பிறகும் கட்டாவிட்டால்தான் வங்கி சொத்தைக் கையகப்படுத்த வரும். அந்த அறிவிப்பைச் சொத்தின் வாசலில் ஒட்டி, தமிழ் நாளிதழ் ஒன்றிலும் போட்டாக வேண்டும். கட்டம் கட்டிய அந்தப் பொடி எழுத்து விளம்பரத்தில் பள்ளியின் பெயரோ அறக்கட்டளையின் பெயரோ வந்திருந்தால், ஜூனை நம்பி இருக்காதீர்கள்.

நேரில் கேட்க வேண்டியது ஒன்றுதான், அங்கீகார ஆணையின் நகல். எந்தத் தேதி வரை அங்கீகாரம் இருக்கிறது என்று அதில் இருக்கும். புதுப்பிக்கக் கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று சான்றிதழ்கள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் செலவு. 2004இல் கும்பகோணம் தீயில் 94 குழந்தைகள் போன பிறகு இதில் கெடுபிடி அதிகம். காசில்லாதவர்கள் தள்ளிப்போடும் இன்னொரு இனம் இது. ஐந்தாறு பெற்றோராகப் போய் தாளாளரிடம் உட்கார்ந்து கேளுங்கள். நூறு பேர் முற்றுகையிட்டால் உண்மையான பதில் வராது, போலீஸ் வரும். ஆணையைக் காட்டத் தயங்கினால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் கேட்கலாம். 2022இல் கல்வித்துறையில் நடந்த மாற்றத்துக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டத்தில் தனி அலுவலர் உண்டு.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கியில் எல்லோரும் ஒரே நாளில் பணம் எடுக்கப் போனால் நல்ல வங்கியே கவிழும். பள்ளியும் அப்படித்தான். ஜனவரியில் நாற்பது பேர் டிசி வாங்கினால், பிழைத்திருக்க வேண்டிய பள்ளியும் மார்ச்சில் படுத்துவிடும். பள்ளியைக் காப்பாற்றும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. ஆனால் ஆண்டின் கடைசி இரண்டரை மாதத்தில் மாற்றுவது பெரும்பாலும் பிள்ளைக்கே நஷ்டம். வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார், பாடம் நடக்கிறது என்றால் ஏப்ரல் தேர்வு வரை இருக்கட்டும். நினைத்த நாளில் பூட்டுப் போடச் சட்டமும் இடம் தராது, கல்வித்துறைக்கு முன்கூட்டித் தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும். மீறிப் பூட்டுகிறவர்களும் உண்டுதான். அப்படி நடந்தாலும் உங்கள் மகனை அரசுப் பள்ளி எந்த மாதத்திலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பு வரை அந்த உரிமையைக் கல்வி உரிமைச் சட்டமே கொடுக்கிறது. டிசி வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டியும் மறுக்க முடியாது.

மகள் விஷயம்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. மாற்றுவதென்றால் ஒன்பதின் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மாற்றிவிட வேண்டும், பத்தின் நடுவில் மாற்றும் நிலைமைக்கு வரவே கூடாது. பொதுத்தேர்வுக்கான நாமினல் ரோலை, அதாவது தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை, கல்வித்துறையின் எமிஸ் என்ற ஆன்லைன் மாணவர் பதிவிலிருந்துதான் எடுக்கிறார்கள். பிள்ளை ஓர் இடத்தில், பெயர் வேறு பள்ளியின் எமிஸில் என்று ஆகிவிட்டால் அலைந்து மாளாது. ரிசல்ட் சதவீதத்துக்குப் பயந்து பல தனியார் பள்ளிகள் பத்தாம் வகுப்பில் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. அதனால் மார்ச்சிலேயே இரண்டு இடத்தில் விசாரித்து வையுங்கள். அவற்றில் ஒன்று அரசு மேல்நிலைப் பள்ளியாக இருக்கட்டும். சமச்சீர் கல்வி வந்ததிலிருந்து மெட்ரிக்கிலும் அரசுப் பள்ளியிலும் ஒரே புத்தகம்தான், ஆங்கில வழிப் பிரிவும் பல அரசுப் பள்ளிகளில் இருக்கிறது. இந்தச் சாக்கில் சிபிஎஸ்இக்கு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே ஒன்பதிலேயே போர்டில் பதிவு செய்துவிடுவார்கள், பத்தில் நேரடியாகச் சேர்ப்பதற்குக் கட்டுப்பாடு அதிகம்.

இருப்பதா போவதா என்று முடிவு செய்ய மகளிடமே ஒரு கேள்வி கேளுங்கள்: “பத்தாவதுக்குக் கணக்கும் சயின்ஸும் எடுக்கிற டீச்சர் இன்னும் இருக்காங்களா?” இருவரும் இருந்து, பிஎஃப் பட்டியலும் அங்கீகாரமும் சரியாக இருந்தால் நான் என் பிள்ளையை அங்கேயே விட்டிருப்பேன். கணக்கு டீச்சர் போய்விட்டார், டியூஷன்காரர் ஒருவர் வந்து ஒப்பேற்றுகிறார் என்றால் கட்டடம் எத்தனை உறுதியாக இருந்தாலும் ஏப்ரலில் கிளம்பிவிடுங்கள்.

மகனுக்கு அவசரமே இல்லை. ஐந்து முடிக்கும்வரை பார்த்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்து பன்னிரண்டு வரை அங்கேயே படித்தால் மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரி போகும்போது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. ஆறு முதல் படித்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் பத்தில் மாறும் மகளுக்கு இந்த ஒதுக்கீடும், பெண்களுக்கான புதுமைப் பெண் திட்ட உதவித்தொகையும் கிடைக்காது.

இப்போதே, பள்ளி அலுவலகம் நல்ல மனநிலையில் இருக்கும்போதே, செய்துவிட வேண்டிய சில்லறை வேலைகள் இருக்கின்றன. அலுவலகத்தில் ஒரிஜினல் சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எதுவும் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். எமிஸில் இரண்டு பிள்ளைகளின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எப்படி இருக்கிறது என்று பார்த்து பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அதுதான் ஏறும். ஃபீஸ் ரசீதுகளை எல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள். இனிமேல் கட்டும் பணம் பள்ளியின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். தாளாளர் மகனின் ஜீபே நம்பருக்கு அனுப்புங்கள் என்று சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பள்ளியின் கணக்கை வங்கி முடக்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

உங்கள் சர்க்குலரில் இல்லை, ஆனால் அடுத்ததாக வரலாம் என்பதால் இதையும் சொல்கிறேன். ‘ஃபீஸை மாதத் தவணையில் கட்டுங்கள், வட்டி இல்லை’ என்று ஒரு செயலியைக் காட்டுவார்கள். அந்த நிதி நிறுவனம் வருட ஃபீஸை மொத்தமாகப் பள்ளிக்குக் கொடுத்துவிடும். கடன் உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில். ஜூலையில் பள்ளி மூடினாலும் மாதாமாதம் உங்கள் அக்கவுண்டில் பிடித்துக்கொண்டேதான் இருக்கும், நிறுத்தினால் உங்கள் சிபில் மதிப்பெண் அடிபடும், பிறகு எங்கேயும் கடன் கிடைப்பது கஷ்டம். தள்ளுபடியைவிட மோசமான பொறி இது. பணம் போன பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்றால், கல்வி நிலையங்கள் அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதிலேயே நீதிமன்றங்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அறக்கட்டளை கைவிரித்தால் வங்கி, பிஎஃப், ஊழியர் சம்பளம் எல்லாம் போன பிறகுதான் உங்கள் முறை வரும்.

கடைசியாக அந்த 6,000 ரூபாய். கட்டிவிடுங்கள். பாக்கி இருந்தால் டிசி தரமாட்டார்கள் என்ற பயத்தால் சொல்லவில்லை. டிசி என்பது பாக்கி வசூலிக்கும் கருவி இல்லை, அதில் பாக்கி விவரத்தை எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் அது இந்த வருடம் உங்கள் பிள்ளைகளுக்கு நடந்த பாடத்துக்கான காசு. சம்பளம் வராமலும் வகுப்புக்கு வந்துகொண்டிருக்கும் டீச்சர்களுக்குப் போக வேண்டியது. காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கொடுத்து, ‘2025-26 மூன்றாம் டேர்ம்’ என்று எழுதிய ரசீது வாங்குங்கள். அடுத்த ஆண்டுக்கு இப்போது ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்து, மகளுக்குக் கணக்கு டீச்சர் வகுப்புக்கு வந்த வாரத்தில் முதல் டேர்மை மட்டும் கட்டுங்கள். தள்ளுபடி போய்விட்டதே என்று அன்றைக்கு யாராவது சொன்னால், 7,200 ரூபாய் இன்சூரன்ஸ் கட்டினேன் என்று சொல்லிவிடுங்கள்.