பழைய ஒயினில் பாதிச் சேமிப்பைப் போடலாமா?

கேள்வி: லண்டனில் கணக்காளராக இருக்கிறேன். வயது 44. சேமிப்பு 20,000 பவுண்ட். ஒயின் முதலீட்டு நிறுவனம் ஒன்று விடாமல் போன் செய்கிறது. பிரான்ஸின் போர்டோ, பர்கண்டி பகுதி ஒயின்களில் போட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் நிச்சயம், வரியும் கிடையாது என்கிறார்கள். பாதியைப் போடலாமா?

பதில்: வேண்டாம். 'நிச்சயம்' என்ற சொல் காதில் விழுந்ததுமே நீங்கள் போனை வைத்திருக்கலாம்.

2018 அக்டோபரில் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் ரொமானே கோந்தி என்ற பர்கண்டி ஒயினின் 1945-ம் ஆண்டு பாட்டில் ஒன்று 5,58,000 டாலருக்குப் போனது. தரகர்கள் இந்தக் கதையைச் சொல்லத் தவறுவதில்லை. அந்த விலை எப்படி வந்தது என்றுதான் சொல்ல மாட்டார்கள். 1945-ல் வந்ததே சுமார் 600 பாட்டில். அறுவடை முடிந்ததும் பழைய திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்த ரொமானே கோந்தி 1952-ல்தான். அதோடு, விற்ற பாட்டில் பர்கண்டியின் பெயர்பெற்ற வணிகர் ரொபேர் த்ரூவானின் சொந்த நிலவறையிலேயே இருந்தது. எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்ற சந்தேகமே இல்லை. விலையில் அதற்கும் பங்கு உண்டு.

அந்தச் சான்று இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2008-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த பர்கண்டியில் ஒயின் செய்யும் பொன்சோ குடும்பத்தின் 'க்ளோ சான் தெனி' ஒயின்களில் 1945 தேதியிட்ட பாட்டிலும் இருந்தது. அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980-களில்! அந்தக் குடும்பத்தின் லொரான் பொன்சோ நேரில் வந்து அவற்றை ஏலத்திலிருந்து எடுக்கவைத்தார். அவற்றை ஏலத்துக்குக் கொடுத்தவர் ரூடி குர்னியவான் என்ற ஒயின் வியாபாரி. 2012-ல் அவர் கைதானபோது கலிஃபோர்னியா வீட்டில் காலி பாட்டில்களும் லேபிள்களும் கார்க்குகளும் கிடைத்தன. வீட்டிலேயே மலிவான ஒயினைக் கலந்து ஊற்றியிருக்கிறார். 2014-ல் 10 ஆண்டு சிறை. ஏமாந்தவர்கள் அப்பாவிகள் இல்லை, பெரும் பணக்காரர்கள், பழக்கப்பட்ட சேகரிப்பாளர்கள். அவர்களுக்கே இந்தக் கதி.

உண்மையான பாட்டிலே கிடைத்தாலும், அதைச் சும்மா வைத்திருக்க முடியாது. சுமார் 12 டிகிரி வெப்பம், போதிய ஈரப்பதம் வேண்டும். 1985-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஃபோர்ப்ஸ் குடும்பம் 1,05,000 பவுண்டுக்கு வாங்கிய பாட்டில், காட்சிக்கு வைத்த விளக்கின் சூட்டில் கார்க் சுருங்கி உள்ளே விழுந்துவிட்டது. அது நிஜமாகவே 1787-ம் ஆண்டு லஃபீத் என்ற போர்டோ ஒயின்தானா என்ற சர்ச்சை தனி. அப்புறம் கிடங்கு வாடகை, காப்பீடு, விற்கும்போது தரகு எல்லாம் உங்கள் லாபத்தில்தான் கை வைக்கும். நடுவில் வட்டியோ டிவிடெண்டோ கிடையாது.

வரி விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. 50 ஆண்டுக்குள் கெட்டுவிடும் ஒயினுக்கு பிரிட்டனில் பொதுவாக மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் அதைவிட அதிக காலம் தாங்கும் உயர்ரக ஒயினுக்கு அந்தச் சலுகை தானாக வராது. இன்னொன்று: ஒயினை நேரடியாக வாங்குவது நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் வரம்புக்குள் வராது. நிறுவனம் கடையை மூடினால் வங்கி வைப்புக்கு இருக்கும் ஈட்டுத்தொகை இதற்குக் கிடைக்காது.

முதலில் ஆறு மாதச் செலவுக்குப் பணத்தை ஒதுக்குங்கள். மீதியை ஐசா கணக்கில் (லாபத்துக்கு வரி இல்லாத பிரிட்டிஷ் சேமிப்பு, முதலீட்டுக் கணக்கு), பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும், செலவு குறைந்த குறியீட்டு நிதியில் போடுங்கள்.

ஒருவேளை அவர்களிடம் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், எந்தக் கிடங்கில், யார் பெயரில் உங்கள் ஒயின் பெட்டி இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு தரகர் தரும் எண்ணை விட்டுவிட்டு, நீங்களே தேடி எடுத்த எண்ணில் கிடங்குக்குப் பேசி, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். தரகர் அனுப்பும் 'உரிமைச் சான்றிதழ்' மட்டும் போதாது.