மீசான் கல்லில் உள்ள ஹிஜ்ரி தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் பாட்டனாரின் கபரில் (அடக்கத்தலத்தில்) நட்டிருக்கும் மீசான் கல்லில் ‘ஹிஜ்ரி 1341, ரஜப் 12, வியாழன்’ என்று அரபியில் பொறித்திருக்கிறது. 1341-உடன் 622-ஐக் கூட்டினால் 1963 வருகிறது. ஆனால் அவர் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். சரியான தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கூட்டுவதற்கு முன் ஹிஜ்ரி ஆண்டைச் சுருக்க வேண்டும், அதை விட்டுவிட்டீர்கள். ஹிஜ்ரி என்பது பிறையை வைத்து எண்ணும் இஸ்லாமிய ஆண்டு; அதற்கு 354 அல்லது 355 நாட்கள்தான். 33 ஹிஜ்ரி ஆண்டுகள் கழியும்போது ஆங்கிலக் கணக்கில் 32 ஆண்டுகளே ஆகியிருக்கும். 1341 ஆண்டுகளில் இந்த வித்தியாசம் நாற்பது ஆண்டாகச் சேர்ந்துவிட்டது.

ஹிஜ்ரி ஆண்டை 0.970224-ஆல் பெருக்கி 621.5774-ஐக் கூட்டுங்கள். 1341-க்கு 1922.648 வரும். தசமப் பகுதியை 365-ஆல் பெருக்கினால் 236. அதாவது ஆண்டின் 236-ஆம் நாள். ஆக, 1341 முஹர்ரம் முதல் பிறை 1922 ஆகஸ்ட் 24. அங்கிருந்து மாதங்களை 30, 29 என்று மாற்றி மாற்றி எண்ண வேண்டும். ரஜப் ஏழாவது மாதம் என்பதால் அதற்கு முன் 177 நாட்கள் கழிந்திருக்கும். ரஜப் 1, 1923 பிப்ரவரி 17. ரஜப் 12, பிப்ரவரி 28 புதன்கிழமை.

கல்லிலோ வியாழன் என்றிருக்கிறது. கல்லையே நம்புங்கள். இது சராசரிக் கணக்கு. ஊரில் பிறை பார்த்துத்தான் மாதம் தொடங்கும், ஒரு நாள் முன்பின்னாகும். ஆகவே பாட்டனார் மறைந்தது 1923 மார்ச் 1 வியாழன். கிழமை ஒரு நாள் விலகினால் பிறை வித்தியாசம் என்று கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் விலகினால் கல்லைப் படித்ததில்தான் பிழை இருக்கும். அரபு எண்களில் 5 வட்டமாக இருக்கும், சுழியம் வெறும் புள்ளி. வட்டத்தைச் சுழியம் என்று படித்துவிடுவதும், தேய்ந்த புள்ளியைக் காணாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. 2-க்கும் 3-க்கும் மேலே உள்ள ஒரு பல்தான் வித்தியாசம்.

ஆண்டு ஏன் சுருங்கியது என்பதற்கு ஆரம்பகால வரலாற்றில் விடை இருக்கிறது. இஸ்லாத்துக்கு முன் அரபுகளிடம் ‘நஸீ’ என்ற வழக்கம் இருந்தது. மாதங்களைத் தள்ளிப்போடுவது அது. பருவத்தோடு ஒட்டவைக்க அவர்கள் கூடுதல் மாதமே சேர்த்தார்கள் என்பது பல அறிஞர்களின் கருத்து; புனித மாதங்களை இடம் மாற்றியது மட்டும்தான் என்பாரும் உண்டு. குர்ஆனின் தவ்பா அத்தியாயம் 36, 37 வசனங்கள் மாதங்கள் பன்னிரண்டே என்று வரையறுத்து நஸீயைத் தடுத்தன. ஹிஜ்ரி 10-இல், தம் இறுதி ஹஜ்ஜில், நபி (ஸல்) அவர்கள் இதை மக்கள் முன் அறிவித்தார்கள். அதனால்தான் ரமலான் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருகிறது.

ஆண்டை எண்ணும் முறை அதற்கும் பிந்தியது. பஸ்ராவின் ஆளுநர் அபூ மூஸா (ரலி), கடிதங்கள் தேதி இல்லாமல் வருவதாக முறையிட்டதையொட்டி, ஹிஜ்ரி 17 வாக்கில் கலீஃபா உமர் (ரலி) ஆலோசனை கேட்டு நபியவர்களின் மதீனா பயணத்தை (ஹிஜ்ரத்) தொடக்கமாக வைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நபியவர்கள் மதீனா சேர்ந்தது மூன்றாவது மாதமான ரபீஉல் அவ்வலில், 622 செப்டம்பரில். ஆனால் ஆண்டின் முதல் மாதமாக முஹர்ரமே நீடித்ததால் கணக்கு 622 ஜூலை 16-க்குப் பின்னோக்கிப் போனது. முஹர்ரம் முதல் நாளில்தான் ஹிஜ்ரத் நடந்தது என்று பலர் எழுதுவது சரியல்ல. எகிப்தில் கிடைத்த ஓர் ஆட்டு ரசீது அரபியிலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்டது; அதன் அரபிப் பகுதியில் 22-ஆம் ஆண்டு என்று இருக்கிறது. அவ்வளவு விரைவில் இந்தக் கணக்கு அன்றாட எழுத்து வேலைக்கு வந்துவிட்டது!

மேலே சொன்ன சூத்திரத்தை ஆரம்ப ஆண்டுகளுக்குப் போட்டால் ஜூலை 19 வரும். அது இன்றைய கிரெகோரியன் கணக்கு. நூல்களில் இருக்கும் ஜூலை 16 பழைய ஜூலியன் கணக்கு. பத்ருப் போர் போன்ற, ஹிஜ்ரி 10-க்கு முந்தைய நிகழ்ச்சிகளுக்கு ஆங்கிலத் தேதியை அடித்துச் சொல்ல வேண்டாம். நஸீ அப்போது எப்படி நடைமுறையில் இருந்தது என்பதைப் பொறுத்து மாதமே மாறலாம்.

கல்லை இன்னொரு முறை பாருங்கள்: வியாழனுக்கு முன் ‘லைலத்’ (இரவு) என்று இருக்கிறதா? இஸ்லாமிய நாள் மஃரிபில் (சூரியன் மறையும்போது) தொடங்குவதால் வியாழன் இரவு என்பது நம் பேச்சில் புதன் இரவு. அப்படி இருந்தால் தேதி பிப்ரவரி 28.