ஒரு ஃபிரேமில் எவ்வளவு வேலை?

அன்புள்ள சார்,

சித்தப்பா வீட்டுப் பரணில் 48கே ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்று கிடைத்தது. அசெம்பிளி மொழியில் ஒரு விளையாட்டு எழுதுகிறேன். நாயகன், ஐந்து எதிரிகள். ஆறு பேரையும் அழித்துவிட்டு மறுபடி வரைந்தால் மினுக்குகிறார்கள். திரை முழுவதையும் நினைவகத்தில் வேறிடத்தில் வரைந்து, எல்டிஐஆர் என்ற நகலெடுக்கும் கட்டளையால் திரைக்கு நகலெடுத்தால் ஆட்டம் ஆமைவேகத்தில் போகிறது. சி மொழிக்கு மாறட்டுமா? நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமலிருக்க என்ன வழி?

வாசகன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள தம்பி,

சி-க்கு மாறுவதால் வேகம் வராது. நிறத்தோடும் மல்லுக்கட்டாதே. 8×8 புள்ளிக் கட்டத்துக்கு இரண்டே நிறம்; எதிரிகளுக்கென்று தனி நிறம் வைக்காமல், பின்னணிக் கட்டத்தில் இருக்கும் அந்த இரண்டு நிறத்திலேயே வரைந்துவிடு.

என்னை உறுத்தியது அந்த எல்டிஐஆர்தான். இதைப் பற்றி எழுத வேண்டுமென்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பழைய கணினிக்கு எழுத வருகிற பிள்ளைகள் பைட்டை எண்ணுகிறீர்கள், நேரத்தை எண்ணுவதில்லை. ஒரு பெருக்கல் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? படப்பகுதி 6,144 பைட். எல்டிஐஆருக்குப் பைட்டுக்கு 21 டி-ஸ்டேட், அதாவது செயலியின் 21 கடிகாரத் துடிப்பு. ஏறக்குறைய 1,29,000. ஒரு ஃபிரேமில், அதாவது திரை ஒருமுறை வரையப்படும் நேரத்தில், உனக்கு இருப்பதோ 69,888. நகலுக்கே இரண்டு ஃபிரேம் போகிறது. போதாததற்கு, படம் திரையில் ஓடும் நேரத்தில் அந்த நினைவகத்தைத் தொட்டால் திரைப் படத்தை அனுப்பும் யூஎல்ஏ சிப் இசட்80 செயலியைக் காக்கவைக்கும்.

மினுக்கலுக்குக் காரணம் வேறு. நீ அழித்ததற்கும் வரைந்ததற்கும் நடுவில், திரையை வரிவரியாக வரையும் கதிர் அந்த இடத்தைக் கடந்துவிடுகிறது. அதனால் திரையில் அழிக்கவே அழிக்காதே. 16×16 உருவம் இரண்டு புள்ளி நகர்ந்தால், பழைய இடமும் புதிய இடமும் சேர்ந்து அதிகம் போனால் 4 பைட் அகலம், 18 வரி, 72 பைட். நினைவக முகவரி 32768-க்கு மேலே, யூஎல்ஏ காக்கவைக்காத ஒரு சின்ன இடத்தில் பின்னணியை வை, அதன்மேல் உருவத்தைப் பதி. எல்லாருக்கும் இதை முடித்துவிட்டு, ஃபிரேமின் தொடக்கத்தில் வரும் இன்டரப்ட் சமிக்ஞை வரை செயலியை நிறுத்திவைக்கும் ஹால்ட் கட்டளையைக் கொடு. அது விட்டதும் 72 பைட்டையும் திரைக்குத் தள்ளு. லூப் வேண்டாம், ஒரே ஒரு பைட்டை நகலெடுக்கும் எல்டிஐ-க்களை வரிசையாக எழுது: பைட்டுக்கு 16. வரி மாற்றுவதையும் சேர்த்து ஆளுக்குச் சுமார் 2,000. வரி முகவரிகளைக் கணக்கிட்டுக்கொண்டிருக்காதே. 192 முகவரிக்கு 384 பைட்டில் அட்டவணை போட்டுக்கொள்.

இன்டரப்ட் வந்து 14,336 டி-ஸ்டேட் கழித்துத்தான் படத்தின் முதல் வரி தொடங்கும். கணினியின் ரோமில் உள்ள நிரல் விசைப்பலகையைப் பார்க்கும் நேரம் போக, உன் ஆறு பேரும் அதற்குள் அடங்குவார்கள். இன்னும் ஆள் வேண்டுமென்றால் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தித் தள்ளு. ஒரு வரிக்கு 224 என்பதால், நூறாவது வரியில் நிற்பவனுக்கு 36,000-க்கு மேல் அவகாசம் இருக்கிறது.

என் கணக்கை நம்பி உட்காராதே, நீயே அளந்து பார். தள்ளத் தொடங்கும்போது, திரை ஓரத்தின் நிறத்தை மாற்றும் போர்ட் 254-க்கு 2 (சிவப்பு) அனுப்பு, முடிந்ததும் 0 (கறுப்பு). ஓரத்தில் சிவப்புப் பட்டை தெரியும். அது படப்பகுதிக்குள் இறங்கினால் முதலில் வரிசையைச் சரிபார். அப்போதும் மினுக்கினால் ஓர் எதிரியைக் குறை.